மூன்று நாள் வளையம்

காவலரணின் படிக்கல்லைப் புரட்டியபோது
அடியில் ஒரு முகம் இருந்தது.
முகம் என்றால்,
மூக்கில்லை. இரண்டு குழி, ஒரு தாடி,
மண் ஒட்டிய ஈரம்.
இராயப்பு அலவாங்கைக் கீழே போட்டான்.
"எங்கட குருசு" என்றான்.
பிறகு மூக்கைச் சீறிச் சாரத்தில் கை துடைத்தான்.

இருபத்தேழு வருடம்
மயிலிட்டிக் கரையில் எங்களுக்கு இடமில்லை.
குருசுக்கு இருந்தது,
குப்புறப் படுத்து
முதுகை மிதிக்கக் கொடுத்து.
உப்புக்காற்றுக்கு எட்டாத பக்கம்
அதனால்தான் மிஞ்சியது.
முருகைக்கல்லில் இவ்வளவுதான் ஏலும் என்று
கொத்தியவன்
மீனுக்குச் செதில் வைக்காமல் விட்டிருக்கிறான்.

தண்டின் கீழ்க்கட்டத்தில் ஓர் ஆள்
கையில் எதையோ ஏந்தி நிற்கிறார்.
பாலன் யேசு என்றார் சுவாமி.
சூடைமீன் கூடை என்றா அந்தோனிக்கம் அக்கா.
நான் ஏலக்கணக்கு எழுதுகிறவள்,
நிறுக்காமல் ஒன்றும் சொல்வதில்லை.

முதுகில் கோடுகள்.
நாலு நிமிர்ந்து, ஒன்று குறுக்கே,
நாலு நிமிர்ந்து, ஒன்று குறுக்கே,
நூற்றுப் பதினெட்டு வரை எண்ணினேன்.
கடைசிக் கட்டில் மூன்றே கோடு.
பிறகு வெறுங்கல்.
லீவுக்கு நாள் எண்ணிய யாரோ ஒரு பெடியன்
சன்னத்தின் முனையால் கீறியிருக்க வேணும்.
"சீமெந்து பூசி மறை" என்றது ஒரு குரல்.
"அதுவும் கொத்துவேலைதானே" என்றது இன்னொன்று.
சண்டை வரப் பார்த்தது, மழை வந்தது.

அன்றிரவு தம்பி அமலதாசுக்குப் படம் அனுப்பினேன்.
அயர்லாந்தில் காளான் பண்ணை வேலை அவனுக்கு,
வெள்ளைத் தலைகளை இருட்டில் அரிகிறவன்.
ஞாயிறன்று பஸ் ஏறிப் போய்
பதிலுக்கு ஒரு படம் அனுப்பினான்:
கூரையில்லாத மடம், புல், செம்மறிகள்,
நடுவில் மூன்றாள் உயரத்தில் மழைக்கறை பிடித்த குருசு.
அடி முதல் முடி வரை கட்டம் கட்டமாய்க் கதை.
ஆதாம், ஏவாள், சிங்கங்களுக்கு நடுவே தானியேல்,
எல்லார் முகமும்
தேய்ந்த சவர்க்காரம்.
கைகளைச் சுற்றி ஒரு கல்வளையம்.

"ஏன்ரா வளையம்?"
"சூரியன் எண்டு சிலர். முடி எண்டு சிலர்.
பண்ணைக் கிழவன் சொல்றான்,
கை முறியாமல் இருக்க முட்டுக் குடுத்ததாம்."
கொஞ்சம் பொறுத்து எழுதினான்:
"எங்கடையில வளையம் இல்லை அக்கா, அதுதான்."

இடது கை பங்கருக்குள் கிடந்தது.
வலது கை,
திரும்பி வந்த நாள் முதல்
சூசைமுத்து உடுப்புத் தோய்த்த கல்.
அதைக் கழுவி, இன்னொருக்கால் கழுவி,
சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்து
யாரையும் பாராமல் இறக்கினார்.

இராயப்பு கம்பி ஏற்றினான்,
சீமெந்து குழைத்தான், பொருத்தினான்.
காயும்வரை தாங்கிப்பிடிக்க ஒன்றும் இல்லை.
எமிலியானின் படகு விலாவில் தொங்கிய
பழைய ரயர் இரண்டை
கேளாமல் அவிழ்த்து வந்து
முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று,
நைலோன் கயிற்றால் வரிந்து இறுக்கினான்.

மூன்று நாள் அப்படி நின்றது,
கறுத்த வளையத்தோடு.
அதன் உட்குழிவில் மழைத்தண்ணி.
காகம் வந்து குடித்தது.
கடலுக்குப் போனவர்கள்
ரயரையும் சேர்த்துத்தான் கும்பிட்டார்கள்.
அமலதாசுக்குப் படம் போனது.
நெடுநேரம் நீலக்குறி மட்டும்.
பிறகு, "கழட்டாதேங்கோ."

நாலாம் நாள் விடிய எமிலியான் வந்தான்.
படகு ஜெற்றியில் உரசுதாம்.
கயிற்றை வெட்டி
ஒவ்வொரு கையால் ஒன்றாய்
இரண்டையும் உருட்டிக்கொண்டு போனான்.

கை விழுமா என்று
கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றோம்.
பொருத்திய இடத்தில்
ரயரின் பள்ளங்கள் சீமெந்தில் பதிந்திருந்தன,
யாரும் கொத்தாத வரிகள்.
முதுகுக் கோடுகளை என்ன செய்வதென்று
இன்னும் முடிவில்லை.

கீழே மணி அடித்தார்கள்.
சூடை, பதினெட்டுக் கிலோ
என்று எழுதினேன்.